சுமைக்கு எத்தனை கலோரி? பளு தூக்கும் உடலை அளந்த கணக்கின் வரலாறு

50 கிலோ எடையை அரை மீட்டர் உயரத்துக்கு 100 முறை தூக்குவதாகக் கொள்வோம். பள்ளி இயற்பியலின்படி செய்யப்பட்ட வேலை சுமார் 24,500 ஜூல். அதைக் கலோரியாக மாற்றினால் 6 கலோரிக்கும் குறைவு. அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை தரும் ஆற்றல்கூட இல்லை. (கலோரி என்று இக்கட்டுரை முழுவதும் குறிப்பிடுவது உணவுக் கணக்கில் வழங்கும் கிலோகலோரியை.) உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் பளு தூக்கியவரின் கைக்கடிகாரமோ 250 என்றும் 400 என்றும் காட்டுகிறது. இயற்பியல் சொல்லும் எண்ணுக்கும் கடிகாரம் சொல்லும் எண்ணுக்கும் இடையே ஏன் இவ்வளவு தொலைவு? இடைவெளியை நிரப்புவது எது? அதை அளந்தவர்கள் யார், எதற்காக அளந்தார்கள்?

இது உடலியங்கியலுக்குள் மட்டும் அடங்கும் கேள்வி அன்று. பஞ்ச நிவாரணக் கூலி முதல் குறைந்தபட்ச ஊதியம் வரை இந்தியாவில் பல முடிவுகள் இந்தக் கணக்கின்மீது கட்டப்பட்டுள்ளன. ஆகவே கணக்கின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் மாணவர்களுக்கும் பயன்படும்.

1. விறகு சுமந்தவரும் முகமூடி அணிந்தவரும்

மின்னூட்டங்களுக்கு இடையிலான விதியால் நாம் அறிந்த கூலூம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனித உழைப்பைப் பற்றியும் ஓர் ஆய்வுரை எழுதினார். விறகுச் சுமையோடு படியேறும் கூலியாள் ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு செய்யக்கூடும் என்பது அதில் வரும் கணக்குகளுள் ஒன்று: 68 கிலோ சுமை, 12 மீட்டர் உயரம், நாளுக்கு 66 நடை. சுமையை மட்டும் கணக்கிட்டால் இன்றைய அலகில் 126 கலோரி. சுமப்பவர் தம் உடலையும் மேலே கொண்டுபோகிறார் என்பதால் அவருடைய 70 கிலோவையும் சேர்த்தால் 256 கலோரி. சுமையின்றி ஏறுபவர் ஒரு நாளில் இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேலை செய்ய இயலும் என்றும் கூலூம் கண்டார். சுமை கூடக்கூட உடல் களைக்கும் விகிதமும் மாறுகிறது என்ற உண்மை இவ்வாறு கணக்கில் நுழைந்தது. ஆனால் கூலூமின் நோக்கம் பயன் வேலையை மிகுதிப்படுத்துவது. அதற்கு உடல் கொடுத்த விலை அவருடைய அளவுகோலுக்கு எட்டவில்லை.

அந்த விலையை அளக்க மூச்சை அளக்க வேண்டும் என்று காட்டியவர் லவாய்சியர். 1789-90 காலத்தில் தம் உதவியாளர் அர்மாந் செகானுக்கு முகமூடி அணிவித்து, அவர் உட்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தார். ஓய்வில் மணிக்கு ஏறத்தாழ 24 லிட்டர். கால் மணி நேரத்தில் 7.3 கிலோ எடையை மொத்தம் 200 மீட்டர் உயரத்துக்கு ஈடாகத் தூக்கும் வேலையின்போது, மணிக்கு 63 லிட்டர் என்ற விகிதம். உணவுக்குப் பின் அத்தகைய வேலையைச் செய்தபோது 91 லிட்டர். ஆற்றல் அளவீட்டின் வரலாற்றில் முதல் முறையாக அளக்கப்பட்ட மனித வேலை பளு தூக்குவதே என்பது கவனிக்கத்தக்கது.

செகானின் எண்களை இன்றைய முறையில் படித்துப் பார்க்கலாம். அவர் செய்த இயந்திர வேலை 3.4 கலோரி. ஓய்வு நிலையைவிட மிகுதியாக அந்தக் கால் மணியில் உட்கொண்ட ஆக்சிஜன் சுமார் 10 லிட்டர். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 4.8 கலோரி என்று கொண்டால் 45 கலோரிக்கு மேல் செலவாகியிருக்கிறது. தூக்கிய சுமையில் சேர்ந்தது அதில் ஏறத்தாழ 14இல் ஒரு பங்கே, எஞ்சியது வெப்பமாயிற்று. நாம் தொடங்கிய இடைவெளி இங்கேயே தெரிகிறது. சொற்பொழிவாற்றுபவரின் உழைப்பையும், இசைக்கருவி மீட்டுபவரின் உழைப்பையும், ஏன், சிந்திக்கும் தத்துவவாதியின் உழைப்பையும்கூட இத்தனை எடை தூக்கியதற்குச் சமம் என்று கணக்கிடலாம் என லவாய்சியர் கருதினார். உழைப்புகள் அனைத்துக்கும் ஒரே அலகு என்ற அவாவின் தொடக்கம் அது. வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த அவர், 1794 மே 8 அன்று கில்லட்டினில் உயிரிழந்தார்.

2. கலோரிக்கு முந்தைய பஞ்சக் கூலி

இந்தியாவில் இக்கேள்வி ஆய்வகத்தில் எழவில்லை. பஞ்ச நிவாரண வேலைத்தளத்தில் எழுந்தது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது வைசிராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் அதைவிடச் சற்றுக் குறைவு. நிழலோ ஓய்வோ இல்லாத நெடிய உழைப்புக்கான கூலி அது. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். கடும் உழைப்பில் இருப்பவருக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு, அதாவது 680 கிராம் தானியமும், அதற்குமேல் காய்கறியும் புரதமும் வேண்டும் என்பது அவர் வாதம். 1877 மார்ச்சில் மாகாண அரசு இரண்டுக்கும் நடுவே, 570 கிராம் தானியமும் சிறிது பருப்பும் என்று உயர்த்தியது.

உணவுக் கணக்கில் கலோரி இன்னும் வழங்காத காலம் அது. இன்றைய கணக்கில் 450 கிராம் அரிசி ஏறத்தாழ 1,550 கலோரி தரும். படுத்திருக்கும் உடல் தன்னைக் காத்துக்கொள்ளவே இதில் பெரும்பகுதி செலவாகிவிடும். கல் உடைக்கவும் மண் சுமக்கவும் எஞ்சியது மிகச் சொற்பம். உடல் தன் தசையைக் கரைத்தே அந்த வேலையைச் செய்திருக்க முடியும். டெம்பிளும் கார்னிஷும் மோதிக்கொண்ட இடம் நுட்பமானது. ஒரே தானிய அளவை ஒருவர் உயிரோடிருக்கத் தேவையான உணவாகப் பார்த்தார். மற்றவர் வேலை செய்யத் தேவையான உணவாகப் பார்த்தார். ஓய்வுக்கான ஆற்றல், வேலைக்கான ஆற்றல் என்று பின்னாளில் உடலியங்கியல் பிரித்துக் காட்டிய இரு கூறுகள், அலகு இல்லாமலேயே, நிர்வாகக் கடிதங்களில் எதிரெதிர் நின்றன.

3. அளவுகோல்கள் வந்த வழி

இதற்கிடையே ஐரோப்பாவில் தசை எதை எரிக்கிறது என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது. தசை வேலைக்கு எரிபொருள் புரதமே என்று லீபிக் சொல்லியிருந்தார். 1865இல் ஃபிக், விஸ்லிசேனுஸ் ஆகிய இருவரும் புரதமற்ற உணவு உண்டு சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறினர். சிறுநீரிலிருந்த நைட்ரஜனை அளந்து, எரிந்த புரதம் அந்த ஏற்றத்துக்குப் போதாது என்று காட்டினர். ஆயினும் புரதத்தின்மீதான நம்பிக்கை எளிதில் மறையவில்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டேவிட் மெக்கே 1912இல் வெளியிட்ட நூல், வங்காளிகளின் உடல்வலுவை அவர்களுடைய உணவின் புரதக் குறைவோடு பிணைத்துப் பேசியது. ஊட்டக் கணக்கு இன ஒப்பீட்டின் மொழியாகவும் செயல்பட்டதற்கு இது ஒரு சான்று.

அமெரிக்காவில் அட்வாட்டர் மனிதர் உள்ளே தங்கக்கூடிய கலோரிமானி அறையை அமைத்தார். ஜெர்மனியில் நாதன் சுன்ட்ஸ் முதுகில் சுமந்து செல்லத்தக்க கருவியையும், இங்கிலாந்தில் டக்ளஸ் 1911இல் மூச்சைச் சேமிக்கும் பையையும் உருவாக்கினர். 1949இல் வியர் தந்த எளிய சூத்திரம் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவுகளை நேரடியாகக் கலோரியாக மாற்ற உதவியது. வேலை நடக்கும் இடத்திலேயே அளப்பது இவற்றால் இயல்வதாயிற்று.

ஆனாலும் பளு தூக்குதல் இக்கருவிகளுக்கு எளிதில் பிடிபடவில்லை. இதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆக்சிஜன் முறை சீரான, நீடித்த வேலைக்கு ஏற்றது. மிதிவண்டி ஓட்டுபவர் சில நிமிடங்களில் ஒரு சமநிலையை அடைகிறார். உள்ளே செல்லும் ஆக்சிஜன் செலவாகும் ஆற்றலைக் காட்டுகிறது. கனமான எடையை 20 நொடி தூக்குபவரின் தசை, ஆக்சிஜன் வந்து சேர்வதற்கு முன்பே தன் சேமிப்பிலிருந்தும் ஆக்சிஜனற்ற வழியிலும் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. கடன் பின்னர் மூச்சாகத் தீர்க்கப்படுகிறது. 1920களில் ஏ. வி. ஹில் இதை ‘ஆக்சிஜன் கடன்’ என்றே அழைத்தார். தூக்கும்போது மட்டும் அளந்தால் செலவு குறைவாகத் தெரியும். தூக்கி முடித்த பின் எத்தனை நிமிடம் அளக்க வேண்டும் என்பதோ ஆய்வாளரின் முடிவைப் பொறுத்தது.

இரண்டாவது, எடையை அசையாமல் தாங்கி நிற்பவர் இயற்பியலின் பொருளில் எந்த வேலையும் செய்வதில்லை. சமதளத்தில் சுமையோடு நடப்பவர் அச்சுமைமீது செய்யும் வேலையும் ஏறத்தாழச் சுழியமே. தசையோ இவ்விரு நிலையிலும் எரிபொருளைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது, இறக்குவது. இயற்பியலில் அது எதிர்வேலை. உடலுக்கு அதுவும் செலவே, ஏற்றுவதைவிடக் குறைந்த செலவு. 1952இல் அபட், பிக்லாண்ட், ரிச்சி ஆகியோர் இரு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாக இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் அதைத் தடுக்குமாறு செய்து இதை அழகாக நிறுவினர்.

4. சென்னை, குன்னூர், கல்கத்தா

செலவைக் கணக்கிட ஓய்வின் அடிப்படை வேண்டும். அந்த அடிப்படை யாருடைய உடல்? சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், பெனடிக்டுடன் இணைந்து 1931இல் தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அமெரிக்கத் தரத்தைவிட அது கணிசமாகக் குறைவு என்பது முடிவு. இந்தியர்களின் அடிப்படை ஆற்றல் செலவு பன்னாட்டுச் சமன்பாடுகள் கணிப்பதைவிடக் குறைவு என்ற விவாதம் அதன்பின் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1990இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் வல்லுநர்கள் அதை 5 விழுக்காடு குறைத்துக் கொண்டனர்.

குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக 1935 முதல் 1945 வரை இருந்த வாலஸ் அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை உருவாக்கினார். வங்கப் பஞ்ச விசாரணை ஆணையத்தில் உறுப்பினராகவும் இருந்தார். அவருடைய பெயர் பின்னர் ஊதியச் சட்ட வரலாற்றில் நிலைத்தது. அதற்குச் சற்றுப் பின் வருவோம்.

கல்கத்தாவில் சச்சிதானந்த பானர்ஜி, ஆர். என். சென் முதலியோர் 1950களின் இறுதியில் நூற்பாலைத் தொழிலாளரின் ஆற்றல் செலவையும் ரிக்‌ஷா இழுப்போரின் ஆற்றல் செலவையும் அளந்தனர். 1971இல் தத்தாவும் என். எல். ராமநாதனும் வெளியிட்ட ஆய்வு, சுமை தூக்கும் ஏழு முறைகளைச் சமதளத்தில் ஒப்பிட்டது. முன்னும் பின்னுமாகப் பிரித்துச் சுமப்பதே மிகச் சிக்கனமானது. தலைச்சுமை அதற்கு மிக அருகில் நின்றது. காவடிபோல் தோளில் கட்டித் தொங்கவிடுவது செலவு கூடியது. இரு கைகளிலும் தொங்கவிட்டுச் செல்வது முதல் முறையைவிட 40 விழுக்காட்டுக்கு மேல் செலவு பிடித்தது. சும்மாட்டின்மேல் சுமை வைத்து நடப்போரின் பழக்கத்தில் இருந்த சிக்கனம் இவ்வாறு எண்ணாகப் பதிவாயிற்று.

1975இல் தத்தாவும் உடன் ஆய்ந்தோரும் தலையில் சுமக்கத்தக்க உச்ச எடையை ஆராய்ந்தபோது, அது கிழக்கிந்திய ஆண் தொழிலாளருக்கானது என்று கட்டுரைத் தலைப்பிலேயே குறித்தனர். அந்தத் துல்லியம் நேர்மையானது. ஆனால் செங்கல், மண், கலவை, நீர், விறகு ஆகியவற்றைத் தலையில் சுமப்போரில் பெண்கள் பெருந்தொகையினர் என்பதை நினைத்தால், அளக்கப்பட்ட உடலுக்கும் சுமக்கும் உடலுக்கும் இடையே இருந்த விலகல் புலப்படும். 1986இல் கென்யாவின் லுவோ, கிக்குயு பெண்களை ஆராய்ந்த ஒரு குழு, உடல் எடையில் 20 விழுக்காடு வரையிலான சுமைக்கு அவர்களுடைய ஆற்றல் செலவு கூடவே இல்லை என்று அறிவித்தது. சுமக்கும் திறன் பயிற்சியாலும் நடையாலும் மாறுவது, ஓர் ஆணின் எண்ணைக் குறைத்துப் பெண்ணின் எண்ணைப் பெற்றுவிட இயலாது என்பதற்கு அந்த ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு.

5. கூலியில் நுழைந்த கலோரி

1957 ஜூலையில் புதுதில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்ச ஊதியம் தேவையின் அடிப்படையில் அமைய வேண்டும் என்று முடிவு செய்தது. உணவுக்கு அய்க்ராய்டின் பரிந்துரை: மிதமான உழைப்புள்ள இந்தியருக்கு நாளுக்கு 2,700 கலோரி. ஒரு குடும்பம் மூன்று நுகர்வு அலகு. வழக்கமான பிரிப்பில் கணவர் 1, மனைவி 0.8, இரு குழந்தைகள் தலா 0.6. பெண்களின் வருவாய் கணக்கில் சேராது. 1991இல் உச்ச நீதிமன்றம் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் இந்த அளவுகோலை உறுதிசெய்து, கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக 25 விழுக்காட்டையும் சேர்த்தது.

இதன் அருகே 1968இன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுப் பட்டியலை வைத்துப் பாருங்கள். ஆணுக்கு மென்மையான வேலைக்கு 2,400, மிதமான வேலைக்கு 2,800, கடும் உழைப்புக்கு 3,900 கலோரி. பெண்ணுக்கு முறையே 1,900, 2,200, 3,000. மூட்டை தூக்கும் ஆணின் தேவை 3,900 என்று அரசின் அறிவியல் குழுவே சொல்கிறது. ஊதியச் சூத்திரம் அவருக்கு 2,700 கொடுக்கிறது. சித்தாள் வேலை செய்யும் பெண்ணுக்கு 3,000 என்கிறது பட்டியல்; 0.8 அலகுக்குச் சூத்திரம் தருவது 2,160. அதாவது அவர் உழைப்பவராகவே கணக்கில் வரவில்லை. பளு தூக்குவோர் இருவருமே, தம் பெயரால் எழுதப்பட்ட சூத்திரத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

2019இல் சத்பதி குழு நுகர்வு அலகை 3.6 ஆக உயர்த்தியது. கலோரியை 2,400 ஆகக் குறைத்து, புரதத்துக்கும் கொழுப்புக்கும் தனி அளவு வகுத்தது. அலகு உயர்ந்தது வரவேற்கத்தக்கது. சராசரி குறைவது, கடும் உழைப்பில் எஞ்சியிருப்போரை மேலும் தொலைவுக்குத் தள்ளக்கூடும் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

மண்வேலையில் இந்த முரண் இன்னும் தெளிவு. பொதுப்பணி விலைப்பட்டியலில் தொடக்கக் கூலி 50 மீட்டர் தொலைவையும் 1.5 மீட்டர் உயரத்தையும் உள்ளடக்கும். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ 1,600 கிலோ. அதை 1.5 மீட்டர் உயர்த்தும் இயந்திர வேலை 5.6 கலோரி மட்டுமே. 20 கிலோ கூடையில் அள்ளினால் 80 நடை. போகவும் வரவும் மொத்தம் 8 கிலோமீட்டர். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வெறுங்கையோடு நடப்பதற்கே ஓய்வுச் செலவுக்கு மேல் 200 கலோரி வரை ஆகும். இதன்மேல் 80 முறை கூடை ஏற்றுவது, கொட்டுவது, சுமையோடு நடப்பது. மண்வெட்டியால் வெட்டுபவரும் கூடை சுமப்பவரும் சேர்ந்து பெறும் கூலியைக் கன மீட்டரால் அளக்கும்போது, குழியின் அளவு பதிவாகிறது. சுமந்தவரின் நடை பதிவாவதில்லை.

6. கைக்கடிகாரத்துக்குள் இருப்பவர்

இன்றைய செயலிகளின் அடிப்படை ‘மெட்’ என்ற அலகு: ஓய்வில் ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன், அதாவது மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி. 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆண் ஒருவரின் அளவிலிருந்து பிறந்த எண் இது. 1993இல் ஐன்ஸ்வொர்த் முதலியோர் வெளியிட்டுப் பின்னர் திருத்தப்பட்டுவரும் தொகுப்பு, பொதுவான எடைப் பயிற்சிக்கு 3.5 மெட் என்றும் கடும் பளுதூக்கலுக்கு 6 மெட் என்றும் தருகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு மணிக்கு 245 அல்லது 420 கலோரி. தொடக்கத்தில் கண்ட எண்கள் இங்கிருந்து வருகின்றன. பயிற்சிகளுக்கு இடையே உட்கார்ந்திருக்கும் நிமிடங்களும், ஓய்வில் எப்படியும் செலவாகியிருக்கும் 70 கலோரியும் இந்த மொத்தத்துக்குள் அடக்கம்.

இதயத் துடிப்பைக் கொண்டு கணிக்கும் கருவிக்கு வேறொரு சிக்கல். கனமான எடையை மூச்சடக்கித் தூக்கும்போது துடிப்பும் இரத்த அழுத்தமும் ஆக்சிஜன் நுகர்வுக்குப் பொருந்தாத அளவில் உயர்கின்றன. ஓட்டத்துக்குப் பொருந்தும் உறவைப் பளுவுக்குப் பொருத்தினால் செலவு மிகையாகத் தெரியும். பயிற்சிக்கூடம் செல்பவருக்கு இப்பிழையால் பெரிய இழப்பில்லை. வாரந்தோறும் தூக்கும் எடையையும் தம் உடல் எடையையும் குறித்து வந்தால் போதும். கூலிக்காகத் தூக்குபவருக்குக் கணக்கின் பிழை உணவின் அளவாகவே வந்து சேரும்.

ஆய்வு மாணவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க பணிகள் இங்கே நிறைய உள்ளன. பஞ்ச ஆவணங்களில் கூலியோடு வேலையளவையும் சேர்த்துப் படிக்கலாம். 1957 சூத்திரத்தின் 0.8 எங்கிருந்து வந்தது, அதை யார் எதிர்த்தார்கள் என்று தேடலாம். 1969இல் மகாராஷ்டிரம் இயற்றிய மாத்தாடித் தொழிலாளர் சட்டம்போல், சுமைதூக்குவோர் தாமே போராடிப் பெற்ற விதிகளில் எடையும் நடையும் எவ்வாறு பேசப்பட்டன என்று ஆராயலாம். செகானின் ஆக்சிஜன் அளவு 230 ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குக் கிடைக்கிறது. நம் கட்டுமானத் தளங்களில் கலவைச் சட்டி சுமக்கும் பெண்ணின் ஒரு நாள் செலவை அதே அக்கறையோடு அளந்து, அந்த எண்ணை ஊதிய வாரியத்தின் மேசையில் வைப்பது நம் தலைமுறை ஆய்வாளர்களால் செய்யக்கூடியதே. இத்துறையில் ஆவணங்களோ களத் தரவுகளோ வைத்திருப்போர் பகிர்ந்தால் உரையாடலைத் தொடரலாம்.